ஒரு செமஸ்டர் ஐரோப்பாவில் படிக்கும் பிள்ளையைப் பார்க்கச் செல்லும் பெற்றோருக்கு யார் வழி சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் மாநிலக் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்கள் ஒரே ஒரு செமஸ்டருக்கு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்று படித்துத் திரும்பும் பரிமாற்றத் திட்டங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் அவ்வப்போது கட்டுரைகள் வருகின்றன. எந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் இருக்கிறது, உதவித்தொகை எவ்வளவு, எந்த மாதத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் அவற்றில் தெளிவாக இருக்கின்றன. ஆனால், அந்த நான்கைந்து மாதங்களுக்குள் பெற்றோர் ஒருமுறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வர நினைத்தால் என்ன செய்ய வேண்டும், எப்போது போக வேண்டும், எப்போது போகவே கூடாது என்று எடுத்துச் சொல்வார் யாரும் இல்லை. கல்லூரியும் சொல்வதில்லை, பயண முகவர்களோ தங்களுக்கு வசதியானதை மட்டுமே சொல்கிறார்கள். அந்தக் குறையைப் பற்றியே இந்தக் கடிதம்.

நான் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. என் கணவர் மாநில அரசு அலுவலகம் ஒன்றில் பணியாற்றுகிறார். எங்கள் மகள் ஜெர்மனியின் மேற்கு எல்லையில் உள்ள ஆஹன் நகரில் கோடைப் பருவ செமஸ்டர் ஒன்றைப் படித்தாள். நாங்கள் இருவரும் அந்தப் பருவத்தின் நடுவில் சென்று அவளைப் பார்த்து வந்தோம். 1959ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னை ஐஐடி தொடங்கப்பட்ட காலத்திலிருந்தே நமக்கும் அந்நாட்டின் தொழில்நுட்பக் கல்விக்கும் தொடர்பு உண்டு என்றாலும், இன்று நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளும் அங்கே போய்ப் படிப்பது வழக்கமாகிவிட்டதால், என்னைப் போல் முதன்முறையாகக் கடல் கடந்து போகும் பெற்றோரின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே வருகிறது.

முதலில் சொல்ல வேண்டியது தேதியைப் பற்றி. நம்மில் பெரும்பாலோர் விமானக் கட்டணம் எப்போது குறைவு, நமக்கு எப்போது விடுப்பு கிடைக்கும், உறவினர் யார் உடன் வருகிறார்கள் என்பதையெல்லாம் பார்த்துத் தேதியை முடிவு செய்துவிட்டு, கடைசியில்தான் பிள்ளையிடம் தெரிவிக்கிறோம். ஜெர்மனியில் குளிர்காலப் பருவம் அக்டோபர் முதல் மார்ச் வரை, கோடைப் பருவம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை என்று காகிதத்தில் இருந்தாலும், வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரித் தொடக்கத்திலும், ஏப்ரலில் தொடங்கி ஜூலையிலும் முடிந்துவிடுகின்றன. வகுப்பு முடிந்ததென்றால் பிள்ளை ஓய்வாக இருப்பாள் என்று நாம் கணக்குப் போடுகிறோம். உண்மையில் அங்கே தேர்வுக்காலம் தொடங்குவதே அதன் பிறகுதான். நம் கல்லூரிகளில் இருப்பதுபோல் உள்மதிப்பீட்டுத் தேர்வு, பயிற்சிக் கட்டுரை, வருகைப் பதிவு என்று மதிப்பெண்ணுக்குப் பல தாங்குகோல்கள் அங்கே பெரும்பாலும் கிடையா. பல பாடங்களில் இறுதித் தேர்வு ஒன்றே முழு மதிப்பெண்ணையும் தீர்மானிக்கிறது. 1.0 என்பது மிக உயர்ந்த மதிப்பெண், 4.0 என்பது தேர்ச்சியின் எல்லை. எண் அதைத் தாண்டிப் போனால் அந்தப் பாடத்துக்கான கிரெடிட் கிடைக்காது. அந்தக் கிரெடிட் கிடைக்காவிட்டால் இங்கே திரும்பி வந்த பிறகு அதே பாடத்தை ஜூனியர் மாணவர்களோடு உட்கார்ந்து மறுபடியும் படிக்க நேரிடலாம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தினர் பிப்ரவரி முதல் வாரத்தில் மகனைப் பார்க்கப் போனார்கள். வகுப்பு முடிந்துவிட்டது என்று அவன் சொன்னது உண்மைதான். பெற்றோர் இவ்வளவு செலவு செய்து வந்திருக்கிறார்களே என்ற தயக்கத்தில், தேர்வு இருக்கிறது என்பதை அவன் அழுத்திச் சொல்லவில்லை. பாரிஸ், சுவிட்சர்லாந்து என்று அவர்களை அழைத்துச் சென்று, ரயில் மாற்றி, பெட்டி தூக்கி, உணவகத்தில் சைவம் எது என்று விசாரித்துச் சொல்லி, அவர்களை விமானம் ஏற்றிவிட்டு வந்த வாரத்திலேயே தேர்வு எழுதினான். இரண்டு பாடங்கள் போயின. இதில் அந்தப் பையனைக் குறை சொல்ல என் மனம் ஒப்பவில்லை. வந்து நிற்கிற அப்பா அம்மாவிடம் ‘எனக்கு நேரமில்லை’ என்று சொல்ல நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் கற்றுக்கொடுக்கவில்லை; ஆகவே அவர்களை அப்படிச் சொல்ல வேண்டிய நிலைக்குத் தள்ளாமல் இருக்கும் பொறுப்பு நம்முடையது.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. தேர்வுத் தேதிகள் பல நேரங்களில் பருவம் தொடங்கிய பிறகுதான் உறுதியாகின்றன. விசா வேலையையோ மாதக்கணக்கில் முன்னதாகவே தொடங்க வேண்டியிருக்கிறது. ஆகவே தேர்வு முடியும் நாளை ஊகித்துத் தேதி குறிப்பதைவிட, முன்கூட்டியே உறுதியாகத் தெரிந்த விடுமுறை ஒன்றைத் தேர்ந்துகொள்வதே நல்லது. கோடைப் பருவத்தில் பெந்தெகொஸ்தே திருநாளை ஒட்டிச் சில பல்கலைக்கழகங்களில் ஒரு வாரம் வகுப்பு இருக்காது. ஈஸ்டரிலிருந்து கணக்கிடப்படும் நாள் என்பதால், அது எப்போது வரும் என்பது பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிடும். 2027இல் அது மே 16ஆம் தேதி வருகிறது. நம் ஊர்ப் பள்ளிகளுக்கும் அப்போது கோடை விடுமுறை என்பதால் ஆசிரியர்களாக உள்ள பெற்றோருக்கும் அது பொருந்தும். குளிர்காலப் பருவமென்றால் கிறிஸ்துமஸை ஒட்டிய இரண்டு வார விடுமுறை இருக்கிறது. ஆனால் டிசம்பர் 24 மதியத்துக்கு மேல் கடைகள் அடைக்கப்பட்டு, 25, 26 இரண்டு நாட்களும் பொது விடுமுறையாக இருக்கும். பலரும் பார்க்க ஆசைப்படும் கிறிஸ்துமஸ் சந்தைகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே முடிந்துவிடும். காலை எட்டரைக்கு விடிந்து மாலை நாலரைக்கு இருட்டிவிடும். வயதானவர்களை அழைத்துச் செல்வோர் இதை எண்ணிப் பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது விசா. மூன்று மாதத்துக்கு உட்பட்ட பயணத்துக்கு ஷெங்கன் விசா வேண்டும். 29 ஐரோப்பிய நாடுகளுக்கு அது ஒரே விசாவாகச் செல்லும் என்றாலும், எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்துவிட வேண்டும். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாட்கள் என்றாலும், கூடுதல் விசாரணை தேவைப்பட்டால் 45 நாட்கள் வரை ஆகலாம். இவற்றையெல்லாம்விட, விண்ணப்பம் கொடுக்க நாள் ஒதுக்கிக் கிடைப்பதே கோடைக்காலத்தில் பெரும்பாடு. 2024 ஜூன் மாதத்திலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. நம் பணத்தில் 9,000 ரூபாய்க்கு மேல். மறுக்கப்பட்டால் அது திரும்பக் கிடைக்காது. முன்பு ஜெர்மனி மறுத்தால் அதே அலுவலகத்துக்கு மேல்முறையீட்டுக் கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்கலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வழியும் எடுக்கப்பட்டுவிட்டது. புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லினில் வழக்குப் போட வேண்டும். எனவே முதல் விண்ணப்பத்தையே குறையின்றிக் கொடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அரசுப் பணியில் இருப்பவர்கள் வெளிநாடு செல்லத் துறையின் முன்அனுமதியும் தடையின்மைச் சான்றும் பெற வேண்டும். என் கணவரின் கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்வதற்கு ஆன காலம், விசாவுக்கு ஆன காலத்தைவிட அதிகம். பிள்ளைக்கு அங்கே இடம் உறுதியானவுடனேயே இந்த விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று அரசு ஊழியர்களான பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செலவை யார் ஏற்பது என்பதிலும் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. பிள்ளைதானே அழைக்கிறது, பிள்ளையே ஸ்பான்சர் செய்யட்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஜெர்மனியில் படிக்கும் மாணவர் ஒருவர் தன் வாழ்க்கைச் செலவுக்கென்று முன்பணமாகக் காட்ட வேண்டிய தொகையே மாதத்துக்கு 992 யூரோ என்ற கணக்கில்தான் இருக்கிறது. அதில் அறை வாடகை, காப்பீடு, சாப்பாடு போக மிஞ்சுவது சொற்பம். அவர்கள் இன்னும் இருவரின் செலவுக்குப் பொறுப்பேற்க முடியும் என்று எந்த அதிகாரியும் நம்ப மாட்டார். பெற்றோர் தங்கள் வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு, சம்பளச் சான்று அல்லது ஓய்வூதியச் சான்று ஆகியவற்றை வைத்துத் தங்கள் செலவைத் தாங்களே ஏற்பதாகக் காட்டுவதே முறை. பிள்ளையிடமிருந்து வேண்டியவை ஓர் அழைப்புக் கடிதம், பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததற்கான சான்று, பிள்ளையின் பாஸ்போர்ட் மற்றும் விசாவின் நகல், அங்கே முகவரி பதிவு செய்ததற்கான சான்று ஆகியவை.

தமிழ்க் குடும்பங்களுக்கே உரிய ஒரு இடர்ப்பாட்டையும் இங்கே சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. என் மகளின் பாஸ்போர்ட்டில் அவள் பெயருக்குப் பின் தந்தை பெயர். என் பாஸ்போர்ட்டில் என் பெயருக்குப் பின் என் தந்தையின் பெயர். என் கணவருக்கு அவருடைய தந்தையின் பெயர். மூன்று பாஸ்போர்ட்டுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் ஒரு வெளிநாட்டு அலுவலருக்கு, நாங்கள் ஒரே குடும்பம் என்பதற்கு எந்த அடையாளமும் தெரியாது. பிறப்புச் சான்றிதழ் ஒன்றே இதைத் தீர்க்கும். ஆனால் பல பிறப்புச் சான்றிதழ்களில் தாயின் பெயர் வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும், தந்தைக்கு இனிஷியல் மட்டும் இருக்கும், பிள்ளையின் பெயரே பதியப்படாமலும் இருக்கும். நகராட்சி அலுவலகத்தில் இதைத் திருத்தி வாங்க எத்தனை வாரம் ஆகும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பிள்ளை ஊரில் இருக்கும்போதே இதைச் சரிசெய்துவிட வேண்டும்.

முகவர்கள் விஷயத்தில் நான் கடுமையாகவே சொல்ல விரும்புகிறேன். நாங்கள் முதலில் விசாரித்த ஒரு முகவர், ஜெர்மனிக்கு நாள் கிடைக்காது, வேறொரு நாட்டில் அதிக நாள் தங்குவதாகக் காட்டி அங்கே விண்ணப்பித்து விசா வாங்கிவிடலாம், பிறகு எங்கே வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம் என்றார். நாள் ஒதுக்கித் தருவதற்கென்று தனியாக ஒரு தொகையும் கேட்டார். பொய்யான பயணத் திட்டத்தின் பேரில் பெற்ற விசாவை எல்லையில்கூட ரத்து செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அப்படி நேர்ந்தால் அந்தக் கறை நம்மோடு போகாது. இரண்டு ஆண்டு கழித்து மேற்படிப்புக்கு அதே நாட்டுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைக்கும் அதனால் கேள்விகள் எழலாம். மாறாக, ஒழுங்காகப் பயன்படுத்தினால் பலனும் உண்டு. 2024 ஏப்ரலில் வந்த விதிப்படி, மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு ஷெங்கன் விசாக்களை முறையாகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு இரண்டு ஆண்டு செல்லும் பலமுறை நுழைவு விசாவும், அதன் பிறகு ஐந்து ஆண்டு விசாவும் கிடைக்க வழி இருக்கிறது. 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய முறையில் எல்லையில் முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் கைரேகையும் முகப்படமும் பதிவாகின்றன; ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் கணினியே காட்டிக்கொடுத்துவிடும்.

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தால் விசாவுக்குப் போதும். ஆனால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்கள், ஏற்கெனவே உள்ள நோயால் வரும் செலவை அந்தப் பாலிசி ஏற்குமா என்பதைப் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

இனி, அங்கே போய்ச் சேர்ந்த பிறகு. மகளின் விடுதி அறை நம் வீட்டுப் படுக்கையறையைவிடச் சிறியது. சமையலறை அந்தத் தளத்தில் இருக்கும் எல்லோருக்கும் பொது. குளிர்பதனப் பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு. அவளுடைய தட்டின் ஓரத்தில் வெள்ளை டேப் ஒட்டிப் பேனாவால் பெயர் எழுதியிருந்தாள். அதில் ஒரு தயிர் டப்பா, பாதி வெட்டிக் காகிதத்தில் சுற்றிய வெங்காயம், ஒரு சிறிய பாட்டிலில் இஞ்சி பூண்டு விழுது ஆகியவை இருந்தன. கடுகு தாளித்தால் புகையில் அபாயமணி அடித்துவிடும் என்பதால் சன்னலைத் திறந்துவைத்து, அடுப்பைத் தணித்து, எண்ணெய் குறைவாக விட்டு அவள் தாளித்த விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரவு பத்து மணிக்குமேல் அந்தத் தளத்தில் யாரும் சத்தம் போடுவதில்லை. இப்படிப்பட்ட இடத்தில் அப்பாவும் அம்மாவும் பத்து நாள் வந்து தங்குவது அவளுக்கு மட்டுமல்ல, உடன் இருக்கும் மற்ற மாணவர்களுக்கும் தொந்தரவு. விருந்தினர் தங்குவதற்குப் பல விடுதிகளில் விதிகளும் உண்டு. நாங்கள் நடந்து போகும் தூரத்தில் பயணிகள் தங்கும் ஒரு எளிய விடுதியில் அறை எடுத்துக்கொண்டோம். காலையில் அவள் நூலகம் போனாள், நாங்கள் ஊரைப் பார்த்தோம், மாலையில் சேர்ந்து சாப்பிட்டோம். அந்த மாலை நேரங்கள்தாம் எங்களுக்கு முழுமையாகக் கிடைத்தன. சோர்வில்லாமல் உட்கார்ந்து பேசினாள்.

ஊர் பார்ப்பதற்குத் தொலைதூரம் ஓட வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். யுனெஸ்கோ 1978இல் வெளியிட்ட முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே இடம்பெற்ற பேராலயம் ஆஹனில் இருக்கிறது. ஏறத்தாழ 600 ஆண்டுகள் ஜெர்மானிய அரசர்கள் முடிசூட்டிக்கொண்ட இடம் அது. ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றும் சந்திக்கும் இடம் ஊரின் ஓரத்திலேயே இருக்கிறது. (ஜெர்மனி 2024 செப்டம்பரில் எல்லாத் தரைவழி எல்லைகளிலும் சோதனையை மீண்டும் கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகக் கூடாது.) எங்களுக்கு மிகவும் நிறைவளித்தது ஹாம் நகருக்கு வெளியே உள்ள காமாட்சி அம்பாள் கோயில். புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள் கட்டி 2002இல் குடமுழுக்கு செய்த அந்தக் கோயிலில், கோபுரம் முதல் பிரசாதம் வரை எல்லாம் நம் ஊர்போலவே இருக்கிறது. ஆஹனிலிருந்து ஹாம் வரை ஆர்.இ. 1 என்ற வட்டார ரயில் கொலோன், டசல்டார்ஃப், டார்ட்மண்ட் வழியாக நேராகவே செல்கிறது. ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். நாடு முழுவதும் பேருந்துகளிலும் வட்டார ரயில்களிலும் செல்லுபடியாகும் டாய்ச்லாண்ட் டிக்கெட் 2026 ஜனவரி முதல் மாதம் 63 யூரோ. அது மாதாமாதம் தானாகவே புதுப்பிக்கப்படும் சந்தா என்பதால், அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் நிறுத்தச் சொல்லாவிட்டால் ஊர் திரும்பிய பிறகும் பணம் பிடித்துக்கொள்வார்கள். அதிவேக ரயில்களில் இது செல்லாது.

பெட்டியில் என்ன எடுத்துப் போகலாம் என்பதில் தாய்மார்கள் ஏமாந்துவிடக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருவோர் இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுவரத் தடை இருக்கிறது. வீட்டில் உருக்கிய நெய், பால்கோவா, திரட்டுப்பால் எல்லாம் இதில் அடங்கும். கறிவேப்பிலை, மாம்பழம் போன்றவற்றுக்கு 2019 டிசம்பர் முதல் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு உண்டு. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், வற்றல், அப்பளம் ஆகியவற்றை நன்றாகக் கட்டி எடுத்துச் சென்றோம். ஒரு தடையும் இல்லை.

தங்கள் வழியாக இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். மாணவர்களைப் பரிமாற்றத் திட்டத்தில் அனுப்பும் கல்லூரிகள், அவர்கள் புறப்படும் முன் பெற்றோரையும் அழைத்து ஒரு கூட்டம் நடத்த வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தின் வகுப்பு நாட்கள், தேர்வுக்காலம், விடுமுறை வாரம் ஆகியவற்றைத் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுக் கையில் கொடுக்க வேண்டும். அழைப்புக் கடிதத்தின் மாதிரியையும் பிறப்புச் சான்றிதழ் பற்றிய எச்சரிக்கையையும் அதனோடு சேர்த்தால், ஆங்கிலத்தில் தடுமாறும் பெற்றோர் முகவர்களிடம் சென்று சிக்க வேண்டியிராது. கல்லூரிக்கு இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. முன் ஆண்டுகளில் போய் வந்த மாணவர்களும் பெற்றோரும் உதவத் தயங்க மாட்டார்கள்; எங்கள் மகளின் கல்லூரி அழைத்தால் நானே போய்ப் பேசத் தயாராக இருக்கிறேன்.

மற்றொன்று தங்களுக்கு. ஆண்டுதோறும் ஜனவரியிலும் ஆகஸ்டிலும், அதாவது மாணவர்கள் அடுத்த பருவத்துக்குப் புறப்படத் தயாராகும் மாதங்களில், தங்கள் கல்விப் பக்கத்தில் பெற்றோருக்கென்று அரைப்பக்கம் ஒதுக்கி, அப்போது நடைமுறையில் உள்ள விசா விதிகளையும் கட்டணங்களையும் தூதரக அறிவிப்புகளிலிருந்து எடுத்து வெளியிட வேண்டும். விதிகள் அடிக்கடி மாறுவதால், ஒருமுறை வெளியிட்டால் போதாது. ஒவ்வொரு பருவத்துக்கும் புதுப்பித்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
திருச்சிராப்பள்ளி.